மாடி வீட்டு மெஷின்

மறுபடியும் மாடியில் ‘டமடம’வென்று சத்தம். ஜெபமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து அந்த மெஷினுக்கு ஓய்ச்சல் இல்லை. கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சேலையைச் செருகிக்கொண்டு படியேறினாள்.

வாடகைக்கு இருக்கும் சண்முகசுந்தரி, வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டு, நனைந்து கல்லாய்க் கனத்த கம்பளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்கக் கொடி கட்டி, ஃபேனுக்குக் கீழே கம்பளிகள் தொங்கின. ஒன்றுகூட அவள் வீட்டுக் கம்பளி இல்லை.

“என்னட்டி இது? குத்தால லாட்ஜுத் துணியெல்லாம் இங்கனதான் தொவைக்கியோ? குடியிருக்க வீடு குடுத்தேனா, லாண்டரி வைக்கக் குடுத்தேனா?”

“ஐயோ, அப்படியில்லக்கா...”

“அந்த மெஷின் குதிக்கிற குதியில கீழ என் தட்டு, டம்ளரெல்லாம் ஆடுது!”

“கம்பளி ஒரே பக்கமா சுருண்டுக்கிடுதுக்கா. கூட ரெண்டு துண்டைப் போட்டுச் சமமாப் பரத்திட்டா குதிக்காது.” சொல்லிக்கொண்டே பரப்பி, மூடியை அமுக்கினாள் சுந்தரி.

“நான் பேசிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு மூடுதே! அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிரு.”

சுந்தரியின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் மெஷினை நிறுத்தவில்லை.

“காலி பண்ணிருதேங்க்கா. இன்னைக்கு மட்டும் விடுங்க. காலைல இதெல்லாம் குத்தாலம் போகணும். அருவிக்கரைப் பக்கம் நாதியத்தவங்க சாரல்ல வெறைச்சுப்போய்க் கிடக்காங்க. தையல்கடை ஜாஹிரா பீவி அக்கா தெருவுல கேட்டு வாங்குனது.”

ஜெபமலரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “தர்மத்துக்கு வந்ததா? அப்படியே குடுக்க வேண்டியதுதான?”

“எப்படிக்கா குடுக்க? மோந்து பாருங்க. சாரல்ல காயாதுன்னு ஒருத்தரும் தொவைக்கல. ஒரே பூசணம், எண்ணெய்ச் சிக்கு.”

“சீ! அவங்களும் மனுசங்கதான? தான் போத்த மாட்டாததை அடுத்தவங்களுக்குக் குடுக்க எப்படித்தான் மனசு வருதோ! கர்த்தர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.”

“விடுங்கக்கா. குடுக்கணும்னு தோணுச்சே, அதுவே பெருசு. தொவைக்கிறதை நாம பாத்துக்கிடலாம். இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

மூலையில் கிடந்த சாக்கைக் கவிழ்த்தாள். நீலப் பூப்போட்ட பெரிய ரஜாய்ப் போர்வை ஒன்று பொத்தென்று விழுந்தது. நடுவில் குழம்புக் கறை. பூசண வாடை குப்பென்று அடித்தது.

ஜெபமலர் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள்.

“தண்ணி போதுமாட்டி?” என்றாள். “மோட்டாரைப் போடுதேன். இதை மட்டும் இன்னொரு தடவை நல்லா அலசிரு.”

“அக்கா, வீடு...?”

“வீடாவது, காலியாவது! சோலியைப் பாரு.”

சுந்தரியின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினாள் ஜெபமலர். அந்த ரஜாயைச் சாக்கில் திணித்து, “தர்மத்துக்குத்தான, வாங்குறவங்க தொவைச்சுக்கிடட்டும்” என்று ஜாஹிரா பீவியிடம் கொடுத்தவளே அவள்தான்.