ரெண்டு விரல் அகலம்

அவள் தம்பியைக் கொன்ற வண்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன்.

இடுப்பில் குழந்தையோடு ஷெட் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போகவில்லை.

“சாப்பாடு ஆறிப் போகுது.”

“இதோ, இந்த ஒரு போல்ட்டு.”

“அலங்காரம் முடியட்டும். மெதுவா வாங்க.”

அவன் நிமிரவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த சின்னத் தம்பிதான் பல்லெல்லாம் தெரியத் திரும்பினான்.

“அக்கா, இங்க வந்து பாரேன்! சக்கரத்துக்கு உள்பக்கமா இந்தத் தடி வட்டை வெச்சு வெளிய தள்ளியிருக்கார் மாமா. ஸ்பேசராம். டயரும் முன்னைக்கு இப்ப நல்ல அகலம். நண்டு மாதிரி காலைப் பரப்பிக்கிட்டு நிக்குது பாரு. இனிமே கவிழவே கவிழாது!”

“உன் அண்ணன் ஓட்டும்போது இதைச் செஞ்சிருக்கலாமே?”

ஸ்பானரால் போல்ட்டை இன்னும் முடுக்கினான் புருஷன்.

போன மாதம்தான், மேட்டுத் தோட்டத்துக்கு பூச்சிமருந்து டேங்க் ஏற்றிக்கொண்டு போன இந்த நாலு சக்கர பைக், மழை ஈரத்தில் சரிவில் உருண்டது. பெரிய தம்பி அடியில் சிக்கினான். தூக்கும்போதே உயிர் இல்லை.

அந்த வேலையைத்தான் இப்போது சின்னவனுக்குக் கொடுத்திருக்கிறார் முதலாளி. நாளைக்கு முதல் நாள்.

“வேண்டாம்டா” என்று கெஞ்சிப் பார்த்தாள். “உன் கையால எத்தனை நாள் உட்கார்ந்து திங்கறது?” என்று வாயை அடைத்துவிட்டான்.

புருஷனிடம் அழுதாள். அவன்தானே தோட்டத்து மெக்கானிக்.

“முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“வண்டியை அகலப்படுத்தச் சொன்னார்.”

அவ்வளவுதான். அடுத்த நாளே புருஷன் முதலாளியின் காரில் ஏறிப்போய்ச் சக்கரத்தோடு வந்து இறங்கிவிட்டான். அன்றிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை.

மறுநாள் காலையில் தூறல். ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க மேடேறி வந்திருந்தார்கள். அவளும் வந்தாள்.

மேட்டுத் தோட்டத்துக்கு ஒரே வழிதான். பாறையை இரண்டாக வெட்டி விட்ட சந்து. அதைத் தாண்டினால் அந்தச் சரிவு.

சின்னவன் ஜம்மென்று வண்டியை ஓட்டி வந்தான். சந்துக்குள் நுழைந்தான்.

க்ரீச்!

இரண்டு பக்கமும் டயர் பாறையில் உரசி நின்றது. பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வந்தான். மறுபடியும் க்ரீச்.

“மெக்கானிக்கு! வண்டியை விரிச்ச மாதிரி பாறையையும் கொஞ்சம் விரிச்சிருக்கலாமே!” என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

“அந்த ஸ்பேசர் எழவைக் கழட்டித் தொலை!” என்றார் முதலாளி, குடைக்குள்ளிருந்து.

அவள் புருஷன் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து கழற்றினான். சின்னவன் திரும்ப ஓட்டினான். ஸ்பேசர் இல்லாமலும் டயர் இடித்தது. ரெண்டு விரல் அகலம் கூடுதல், அவ்வளவுதான்.

“பழைய சக்கரத்தை எடுத்துட்டு வா!”

“பழைய இரும்புக்குப் போட்டாச்சு ஐயா. வெட்டிட்டாங்க.”

“எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினவன் தன் தலையில ஒண்ணை விட்டுட்டான்” என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

“பழைய அளவு இப்பக் கடையில இல்ல. இனி ஆர்டர் பண்ணிச் சக்கரம் வந்து சேர்றதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சிடும். மேட்டு வேலை மொத்தமும் போச்சு! இத்தனை வருஷமா ஸ்பானர் பிடிக்கிறியே, ஒரு டேப் பிடிச்சு அளக்கத் தெரியலையா? ஷெட் சாவியை வெச்சிட்டுப் போ. வீட்டையும் காலி பண்ணு.”

பிறகு சின்னவனைப் பார்த்தார். “நீ கீழ போய் மூட்டை தூக்கு.”

சின்னவன் வண்டியை விட்டு இறங்கினான். மாமாவின் காலடியில் காறித் துப்பினான்.

“என் பொழப்பையும் கெடுத்திட்டீங்களே மாமா. இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க.”

சாயங்காலத்துக்குள் வீடு மூட்டையாகிவிட்டது. குழந்தை காலி அடுப்படியில் உட்கார்ந்து சிணுங்கியது.

பாத்திரத்தைச் சாக்கில் போடப் போட அவளுக்கு அழுகை முட்டியது.

“ஒருத்தனை மண்ணுக்குக் குடுத்தாச்சு. இருக்கிற ஒருத்தனும் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டான். இந்த மழையில பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் எந்தத் தெருவுல போய் நிப்பேன்?”

அவன் படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“ஈரத்துல அந்தச் சரிவுல எந்தச் சக்கரமும் நிக்காது” என்றான் மெதுவாக. “சொல்லிப் பார்த்தேன். முதலாளியும் கேட்கல, உன் தம்பியும் கேட்கல.”

“கேட்கலன்னா? பெரிய மெக்கானிக்குன்னு பேரு! வண்டி அந்த வழியில போகுமான்னு அளந்து பார்க்கக்கூடவா தெரியல?”

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். தலை நிமிராமலே சொன்னான்.

“அந்த வழியை அளந்துக்கிட்டுத்தான் சக்கரம் வாங்கவே போனேன்.”