திரும்பாமல் நின்ற நாரை

குளக்கரை வியாபாரக் கல்லூரியில் ஒரு நாரை பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது. அதில் தேறினால்தான் சந்தையில் கடை போட இடம் கிடைக்கும். நாரை பலகையில் கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பியதும், தோப்பு அணில் முந்திக்கொண்டு பதில் சொல்லும். கடலோரத்திலிருந்து படிக்க வந்த ஆமையோ, நாரையின் முகம் கண்டதுமே தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். நாரை ஒன்று விடாமல் குறித்துவைத்தது: நாற்பது வகுப்பு, நாற்பது தூக்கம். ஆமை தேறவில்லை.

ஆமை ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு அணில் வந்தது.

"அது தூங்கலை ஐயா. அவங்க ஊர்ல பெரியவங்க எதிர்ல தலையை நீட்டக் கூடாதாம். நீங்க பலகைப் பக்கம் திரும்பினா, என் காதுல பதில் சொல்லும்."

"அப்போ நீ சொன்ன பதிலெல்லாம்?"

"முக்கால்வாசி அதோடதுதான்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க பேரத்தைப் பத்தித்தானே கேட்டீங்க. ஆமையைப் பத்திக் கேட்கலையே ஐயா."

மறுநாள் நாரை பலகையில் கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பாமல் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. அணில், ஆமை உட்காரும் காலி இடத்தின் பக்கம் காதைச் சாய்த்தது.