நான்காம் பலகை

அன்றைக்குக் கே.ஜி.கண்டிகை காந்தப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். இரும்புத்துரு மாவு அரைக்கும் லோயிஸ், சூளைக்காரர் தங்கவேல், எண்ணிக்கை பார்க்கும் பெரியவர் ஜெபரத்தினம், மேனேஜர் நேசகுமார், மிஷினில் காந்த வில்லை அழுத்தும் அனுசுயா.

அனுசுயாவுக்கு அது சோதனை வாரத்தின் கடைசி நாள்.

"இன்னிக்கு நீ போடுற நாலு பலகையும் தனியா வேகும். அப்புறம் காந்தம் ஏத்திப் பார்ப்பேன். பத்து வில்லைக்கு மேல பலம் இல்லாமப் போச்சுன்னா, திருவாலங்காட்டுக்கே போயி கரும்பு வெட்ட வேண்டியதுதான்" என்று நேசகுமார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பலகைக்கு ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு வில்லை. டீ வந்தபோது மூன்று பலகை நிறைந்து, நான்காவதில் இரண்டு வரிசை ஆகியிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து மீதி நாலு வரிசையையும் முடித்தாள். நேசகுமார் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

நோட்டோடு வந்த ஜெபரத்தினம் கால் இடறிச் சாய்ந்தார். அவர் முழங்கை நான்காம் பலகையில் விழுந்து இழுத்தது. ஈர வில்லைகள் பொலபொலவென்று தரையில் விழுந்து நொறுங்கின.

"முருகா! இன்னா நைனா, கண்ணு தெரியலியா? எம்மாம் கஷ்டப்பட்டுப் போட்டேன்!" அனுசுயாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வயசாயிடுச்சும்மா. கால் நிக்க மாட்டேங்குது."

"முப்பது வருசமா ஒரு வில்லைய ஒடைக்காத மனுசன், இன்னிக்குப் பார்த்து இந்தப் பொண்ணு வயித்துல அடிக்கிறியே பாவா!" என்றாள் லோயிஸ்.

நேசகுமாருக்குக் கோபம். "நாளையிலேருந்து மிஷின் பக்கமே வராதீங்க பெரியவரே. வாசல் கேட் கிட்ட உக்காந்து எண்ணுங்க, போதும்."

"ஆங், சரிங்க."

நேசகுமார் விறுவிறுவென்று ஆபீசுக்குள் போய்விட்டார்.

"பச்சை வில்லைதானே, அழாத. கரைச்சா மறுபடியும் மாவு. சூளையில வெந்துட்டாதான் திரும்பாது. ஒடஞ்சதை மட்டும் திரும்பப் போடு" என்றார் தங்கவேல்.

உடைசலை வாளியில் அள்ளிக்கொண்டிருந்த ஜெபரத்தினம் தலை நிமிராமல் சொன்னார்: "போடறதுக்கு முன்ன மிஷினை ஒரு தரம் பார்த்துக்கம்மா."

'ஒடைக்கிறதையும் ஒடைச்சிட்டு, பேச்சைப் பாரு' என்று முணுமுணுத்துக்கொண்டே மிஷினைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அச்சைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின் சுவிட்ச் அணைந்திருந்தது.

டீக்குப் போகும்போது சுருள் சூடேறாமல் இருக்க அதை அணைப்பது வழக்கம். அணைத்தாள், திரும்பப் போடவில்லை. அழுத்தும்போது சுருளில் கரண்ட் ஓடினால்தான் மாவின் துகள்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்கும். ஓடாமல் அழுத்திய வில்லையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். காந்தம் ஏற்றினால் பாதி பலம்தான் வரும்.

சுவிட்சைப் போட்டாள். மிஷின் மெல்ல முனகியது. டீக்குப் பிறகு அந்த முனகலே கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மேனேஜர் பக்கத்தில் நிற்க, அது இல்லாததைக் கவனித்த காது ஒன்றே ஒன்று.

வாளியோடு போய்க்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துக் கை கூப்பினாள்.

பிறகு நான்காம் பலகையில் மிச்சமிருந்ததை எண்ணினாள். டீக்கு முன்னால் போட்ட இரண்டு வரிசையும் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தன. சரியாகப் பன்னிரண்டு.