பக்குவமாகச் சொன்ன போர்டு

பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திச் செய்த பொம்மை வண்டி ஒன்று மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களை ஓட்டுவது கன்ட்ரோலர். வண்டியின் மூக்கில், கீழே பார்த்தபடி கலர் சென்சார் இருந்தது. அதன் பாஷை கன்ட்ரோலருக்குப் புரியாது. அதனால் நடுவே ஒரு சின்ன சர்க்யூட் போர்டை வைத்து, இரண்டு பக்கமும் ஒயர் கொடுத்திருந்தார்கள்.

"நீ பார்த்ததைச் சொல்லு தம்பி. அதைப் பக்குவமா எடுத்துச் சொல்றது என் பொறுப்பு" என்றது போர்டு, முதல் நாளே. சென்சாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மேசையின் விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. சென்சார் "சிவப்பு" என்றது. போர்டு அப்படியே சொல்ல, வண்டி நின்றது.

"வேகம் எடுத்தாலே நில்லுங்கிறியே, உனக்கு வேற வார்த்தையே தெரியாதா?" என்று கன்ட்ரோலர் போர்டின்மேல் எரிந்து விழுந்தது.

அடுத்த முறையும் சென்சார் "சிவப்பு" என்றது. போர்டு கொஞ்சம் தயங்கியது. பிறகு, "பச்சைதாங்க, போகலாம்" என்றது.

சென்சார் அலறியது. ஆனால் அதன் ஒயர் போர்டோடு முடிந்துவிடுகிறது. அலறல் கன்ட்ரோலரின் காதுக்கு எப்படிப் போகும்?

வண்டி தலைகுப்புறத் தரையில் விழுந்தது.

"யார்டா பச்சைன்னது?" என்று முனகியது கன்ட்ரோலர்.

"சென்சாருக்குக் கண்ணு போயிடுச்சுங்க" என்றது போர்டு.

ஒரு கை வந்து சென்சாரைக் கழற்றி உடைசல் டப்பாவில் போட்டது. உள்ளே கிடந்த அதன் காதில் விழுந்தது, மேலே புது சென்சாரைப் பொருத்தும் சத்தம். பிறகு அதே கனிவான குரல்.

"நீ பார்த்ததைச் சொல்லு தம்பி..."