வெள்ளிக்கிழமை முட்டை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, தன்னாமுனையில் நண்பகல். வாவியில் பட்டுத் திரும்பும் வெயில் குசினிக் கூரையின் உட்புறத்தில் நெளிகிறது. மேசையில் ஒரு சட்டி நண்டுக்கறி. தெரேசம்மா நண்டுக்காலைக் கடித்து மடக்கென்று உடைக்கிறார். முழங்கை வரை வழியும் குழம்பையும் விடாமல் நக்கிக்கொள்கிறார். மூன்று கிழமையாக இறைச்சியை ஒறுத்துச் சுத்தபோசனம் காக்கிறாராம். எதிரே மருமகள் அனிற்றா, மடியில் இருபது நாள் குழந்தை. அவள் தட்டில் சோறும் கீரையும் மட்டுமே. பச்சை உடம்புக்கு நண்டு ஆகாதென்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட மாமி, மிட்வைஃப் சாப்பிடச் சொன்ன ஒரேயொரு அவித்த முட்டையையும் இப்போது அவள் தட்டிலிருந்து எடுத்துத் தன்னருகே வைக்கிறார்.

"சுத்தபோசன நாளில முட்டையா? கோழிக்குள்ள இருந்து வாறதும் இறைச்சிதான்."

"பால் குடுக்கிறவளுக்குச் சுத்தபோசனம் இல்லண்டு பாதரே சொன்னார் மாமி."

"பாதர் எத்தின புள்ள பெத்தவர்? நான் நாலு பெத்தன். ஒருக்காலும் முறிச்சதில்ல."

குழந்தை மார்பை இழுத்துப் பார்த்துவிட்டு, பால் போதாமல் முகத்தைத் திருப்பி வீறிடுகிறது. மாமி நண்டு ஓட்டுக்குள் விரலை விட்டு மஞ்சள் சினையை வழித்து வாயில் வைக்கிறார். அவர் கண்கள் சொக்குகின்றன. அனிற்றா கையை நீட்டி முட்டையை எடுக்கிறாள். மாமியின் தட்டு விளிம்பிலேயே தட்டி உடைக்கிறாள். வெள்ளைக் கோது துண்டு துண்டாக நண்டுக் குழம்புக்குள் விழுகிறது.