நகராத ஊர்

"இந்த வருசமும் யாரும் கம்பெனிக்குப் போகலையா?"

மணிமேகலை கேட்டதும் திம்மராயன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"இல்லீங்க மேடம். எங்களுக்கு இந்தக் கொல்லைய விட்டா வேற என்னா தெரியும்?"

குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. ஆணும் பெண்ணுமாக ஊரே ராகிக் கொல்லையில் குனிந்திருந்தது. வரப்பில் ஏறி நின்றால் கம்பெனிகளின் நீலக் கூரைகள் தெரியும்.

மணிமேகலை பொருளாதாரப் பேராசிரியர். விவசாயத்தை விட்டு மக்கள் எப்படித் தொழிற்சாலைக்கு மாறுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வாசலுக்கே கம்பெனி வந்தும் மண்ணை விட்டு நகராத இந்த ஊர்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கருத்தரங்கு, பதவி உயர்வு எல்லாம் இதை வைத்துத்தான். இப்போது புத்தகமும் அச்சுக்குப் போக இருந்தது. அந்த நேரம் பார்த்து, அதைப் படித்துப் பார்த்த பேராசிரியர் ஒருவர், "ஓர் ஆள்கூடவா மாறவில்லை? நம்பும்படி இல்லையே" என்று கிளப்பிவிட்டார்.

யாரும் மாறவில்லை என்பது மட்டும் தப்பென்றால் பத்து வருட உழைப்பும் பாழ். நேரில் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார். வழக்கம்போல் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிட்டார். திடுதிப்பென்று போய் நிற்பது மரியாதையாகவா இருக்கும்?

"உங்க பொண்ணு சுவேதா டிப்ளமோ முடிச்சிருக்கணுமே?"

"அதோ, அறுத்துக்கிட்டு இருக்குது பாருங்க" என்றாள் திம்மராயனின் மனைவி முனிலட்சுமி.

சுவேதா நாலு கதிரை அறுத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஊர் இளைஞன் மாதேஸ்வரன் கதிர்க்கட்டின் மேல் சாய்ந்து பட்டப்பகலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மணிமேகலைக்கு மனசு கனத்தது. சந்தேகம் தீர்ந்ததில் சந்தோஷப்பட முடியவில்லை. இவர்கள் நின்ற இடத்திலேயே நின்றதால்தான் தாம் மேலே போனோம் என்று நினைக்கவே கூசியது.

"திம்மராயண்ணா, என் புத்தகம் போனாப் போகட்டும். பிள்ளைங்களையாவது வேலைக்கு அனுப்புங்க. நானே கம்பெனியில பேசறேன்."

திம்மராயன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னாண்ணா இது, ஒருத்தரும் வரல? லைனே நின்னுபோச்சுன்னு சூப்பர்வைசர் கத்தறாரு. செகண்ட் ஷிப்டுக்காவது ஏறுங்க."

ஹாரன் சத்தம் கேட்டு விழித்த மாதேஸ்வரன், பழக்க தோஷத்தில் நேராகப் போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

மணிமேகலை திரும்பிப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முனிலட்சுமிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மொத தடவ வந்தப்ப நீங்கதானே மேடம் சொன்னீங்க, 'நீங்கல்லாம் கம்பெனிக்குப் போயிட்டா என் வேலை போயிடும்'னு. நம்மால ஒரு பொம்பளப் புள்ள பொழப்பு கெடக் கூடாதுன்னுதான், நீங்க போன் பண்ணா ஊரே லீவு போட்டுடறோம்."