இடப்பக்கம் சரிந்த படகு

மனைவி கலாவதி இறந்த மறுவருடம், 1993 அக்டோபரில், பாலேந்திரா குடும்பப் படகை ஏரியில் மீன்பிடிக்க ஏற்றபடி மாற்றினார். மெத்தை இருக்கைகளைக் கழற்றினார். நின்று தூண்டில் வீசப் பலகை அடித்தார். மீனை உயிரோடு வைக்கத் தொட்டி பொருத்தினார். லண்டன் ஓரத்து ஏரியில் இறக்கியதும் படகு இடப்பக்கம் சரிந்தது.

“ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு, அண்ணை,” என்றார் கூட வந்த யோகராஜா.

மோட்டாருக்கான கனத்த பற்றரியை வலப்பக்கம் நகர்த்தினார்கள். யோகராஜாவும் அங்கேயே போய் உட்கார்ந்தார். சரிவு மாறவில்லை. கலாவதி எப்போதும் இடப்பக்கம்தான் இருப்பாள்.

வாரம் முழுக்க ஷிப்ட் செய்த அலுப்பில் பாலேந்திராவுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. கோட்டைக் கழற்றி இடப்பக்கத்து வெறும் பலகையில் வைத்தார்.

“குளிருதெண்டால் போடுமப்பா,” என்றார் அந்த வெற்றிடத்தைப் பார்த்து.

காற்றே இல்லை. கோட்டின் கைகள் இரண்டும் மெல்லப் புடைத்தன.